சிட்டியில் டர்போ ஏற்றுவதா, விர்டுஸை ரீமேப் செய்வதா?

ஹோண்டா சிட்டி 1.5 பெட்ரோல் (119 பிஎஸ், 145 என்எம்) வைத்திருப்பவருக்கு இன்னும் வேகம் வேண்டுமென்றால் இரண்டு வழி. இருக்கிற இன்ஜினில் டர்போ (புகை வாயுவால் சுழன்று, காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் கருவி) ஏற்றலாம். அல்லது காரை விற்றுவிட்டு, டர்போவோடே வந்த ஃபோக்ஸ்வேகன் விர்டுஸ் 1.0 டிஎஸ்ஐ (115 பிஎஸ், 178 என்எம்) வாங்கி ரீமேப் (இன்ஜின் கணினியின் மென்பொருளை மாற்றுவது) செய்யலாம்.

கணக்கில் சிட்டிதான் முந்தும். 0.4 பார், அதாவது சுமார் 6 பிஎஸ்ஐ பூஸ்டில் (டர்போ கூட்டும் காற்றழுத்தம்) 155 பிஎஸ் நியாயமான இலக்கு. ரீமேப்பில் 15 முதல் 20 சதவீதம்தான் கூடும். ஆனால் அந்தக் கணக்கில் சென்னை வெயில் இல்லை. 40 டிகிரி காற்றை 0.4 பாருக்கு அழுத்தினால், டர்போவின் 70 சதவீதத் திறனுள்ள கம்ப்ரசரிலிருந்து அது சுமார் 85 டிகிரியில் வெளியே வரும். ஓஎம்ஆர் சிக்னலில் நிற்கும்போது, அந்தச் சூட்டைக் குறைக்க வேண்டிய இன்டர்கூலருக்கு வெளிக்காற்றே கிடையாது. சிட்டியின் கம்ப்ரஷன் விகிதம் 10-க்கு மேல்; இந்தச் சூட்டில் நாக்கிங் (பெட்ரோல் கலவை தானாகவே வெடிப்பது) வந்தால் பிஸ்டனில் ரிங்குகளுக்கு இடையிலுள்ள விளிம்புதான் முதலில் உடையும். விர்டுஸின் டிஎஸ்ஐ இன்ஜினில் பெட்ரோல் சிலிண்டருக்குள் நேராகத் தெளிக்கப்படுவதால் உள்ளேயே குளிர்ச்சி கிடைக்கிறது. இன்டர்கூலரும் தண்ணீரால் குளிர்வது.

சிட்டிக்கு டர்போ மட்டும் வாங்கினால் போதாது. 155 பிஎஸ்ஸுக்கு, நிமிடத்துக்கு 305 சிசி பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டர்கள் வேண்டும். 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலுக்கு 330 சிசியாக வைப்பது நல்லது. பூஸ்டைப் படிக்கும் மேப் (MAP) அழுத்த சென்சார், ட்யூன் செய்யக்கூடிய ஈசியூ (இன்ஜின் கணினி), காற்று-எரிபொருள் விகிதத்தை அளக்கும் வைட்பேண்ட் சென்சார், வெப்பத்தை விரைவாக வெளியேற்றும் ஒரு படி குளிர்ந்த ஸ்பார்க் பிளக், அதில் 0.7 மிமீ இடைவெளி: இவை எதையும் விட முடியாது. முழு பூஸ்டில் காற்று-எரிபொருள் விகிதம் பெட்ரோல் அளவுகோலில் 11.5-லிருந்து 12-க்குள் நிற்க வேண்டும். கிளட்ச் வழுக்கத் தொடங்கினால் அதுவும் சேரும்.

பெரும்பாலான வேலை கெடுவது எண்ணெய் திரும்பும் குழாயில். டர்போவிலிருந்து எண்ணெய் நுரையாக, அழுத்தமே இல்லாமல் தன் எடையால் கீழே விழுகிறது. குழாய் நடுவில் தொங்கினாலோ, சம்பில் (இன்ஜினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டி) எண்ணெய் மட்டத்துக்குக் கீழே சேர்ந்தாலோ, எண்ணெய் தேங்கி சீலைத் தாண்டும். சைலன்சரில் நீலப் புகை வரும். டர்போ போய்விட்டது என்று புதிதாக மாட்டினால் அதுவும் புகையும். உள்விட்டம் அரை அங்குலத்துக்குக் குறையக் கூடாது, சரிவு எங்கும் இறக்கமாகவே இருக்க வேண்டும். சம்பைக் கழற்றாமல் காரிலேயே துளை போடுகிறேன் என்று சொல்லும் மெக்கானிக்கிடம் காரை விடாதீர்கள். அந்த உலோகத் துகள் ஒன்று போதும், பேரிங்கைத் தின்ன.

ரீமேப்பும் கண்ணை மூடிக்கொண்டு செய்வதல்ல. 95 ஆக்டேன் (நாக்கிங்கைத் தாங்கும் அளவு) பெட்ரோலுக்குப் போட்ட மென்பொருளில் அதற்குக் குறைந்த பெட்ரோலை ஊற்றினால் ஈசியூ ஸ்பார்க் டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கும். கொடுத்த பணத்தின் பலன் பாதிதான். விர்டுஸின் பெரிய இன்ஜினான 1.5 டிஎஸ்ஐ-யின் ஏழு கியர் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக், 250 என்எம்மைத் தாங்கும் பெட்டி; இன்ஜின் தருவதும் 250 என்எம். அங்கே கை வைக்க இடமே இல்லை. அதனால்தான் 1.0 என்கிறோம். வாரண்டி இருக்கும்போது ரீமேப் செய்தால் அது போகும்.

1988 மோட்டார் வாகனச் சட்டப் பிரிவு 52, உற்பத்தியாளர் தந்த அமைப்பை மாற்றுவதைத் தடுக்கிறது. டர்போ ஏற்றிய காருக்கு இன்ஷூரன்ஸ் கிடைக்காமல் போகலாம். ரீமேப்பையும் கம்பெனியிடம் சொல்லிவிடுவதே சரி.

தினமும் ஓட்டும் காருக்கு எங்கள் தேர்வு விர்டுஸ் ரீமேப். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்கென்றே ஒரு சிட்டியை ஒதுக்கினால் டர்போ ஏற்றலாம். முதலில் கம்ப்ரஷன் டெஸ்ட், பிறகு 0.4 பாரைத் தாண்டாத வேஸ்ட்கேட் (பூஸ்டைக் கட்டுப்படுத்தும் வால்வு) ஸ்பிரிங். அந்தக் காரில் ஏர் ஃபில்டரை பம்பருக்குக் கீழே மாட்டியிருந்தால், மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும் சப்வே பக்கம் போகக் கூடாது. ஒரு மடக்கு தண்ணீர் உள்ளே போனாலும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.