ஒரே அறைக்கு நாலு கணக்கு: வாய், தாள், கால்குலேட்டர், போன்

போன வருடம் காரைக்குடி வீட்டில் இரண்டாங்கட்டு அறைக்கு ஆத்தங்குடிக் கல் போட்டோம். அறை 20 அடிக்கு 15 அடி, கல் 8 அங்குலச் சதுரம். எத்தனை கல் வாங்குவது என்று காப்பி நேரத்தில் பேச்சு எழுந்தது. நாலு பேர் நாலு விடை சொன்னார்கள்.

எட்டாம் வகுப்பு படிக்கும் மகள் தாளை எடுத்தாள். 240 அங்குலம் பெருக்கல் 180 அங்குலம், 43,200. ஒரு கல்லுக்கு 64 சதுர அங்குலம். வகுத்தால் 675. என் கணவர் கால்குலேட்டரில் 8 அங்குலத்தை 0.67 அடி என்று மாற்றிக்கொண்டு தட்டினார். 668 வந்தது. கொழுந்தனார் மகன் போனில் ஒரு இணையதளத்தில் அளவுகளைப் போட்டு 743 என்றான். கொத்தனார் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டே சொன்னார்: "நீளத்துக்கு முப்பது, அகலத்துக்கு இருபத்திரண்டரை. அதை இருபத்து மூணா வையுங்க ஆச்சி. அறுநூத்தித் தொண்ணூறு. உடையுறதுக்குத் தனியா இருபது."

நான் மாலையில் வீட்டில் கணக்கு டியூசன் எடுப்பவள். வாய்க்கணக்கு நல்லதா, தாளில் போடுவது நல்லதா, போன் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று பெற்றோர்கள் அடிக்கடி கேட்பார்கள். அன்றைக்கு இந்த நாலும் ஒரே தரையில் மோதின. எது வேகமானது என்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. தப்பு நடந்தால் எதில் அது கண்ணில் படும் என்றுதான் பார்ப்பேன்.

668 எப்படி வந்தது? 8 அங்குலம் என்பது மூன்றில் இரண்டு அடி, 0.6666 என்று நீண்டுகொண்டே போகும். அதை 0.67 ஆக்கியபோது தப்பு துளிதான். ஆனால் சதுரமாக்கும்போது அது இரட்டிப்பாகி, 300 சதுர அடிக்கும் பரவி, ஏழு கல்லை விழுங்கிவிட்டது. கால்குலேட்டர் தப்பே செய்யவில்லை, கொடுத்ததைச் சரியாகப் பெருக்கியது. அதுதான் அதன் தொல்லை. கேட்டதற்குப் பதில் சொல்லும், கேட்டது சரியா என்று பார்க்காது. இன்னொரு வேடிக்கை: 2 + 3 × 4 என்று கடையில் இருக்கும் சாதாரணக் கால்குலேட்டரில் தட்டினால் 20 காட்டும், போனில் தட்டினால் 14. கடைக்காரர்கள் ஒவ்வொரு வரியாகப் பெருக்கி எம் பிளஸ் பொத்தானில் சேர்த்துக்கொண்டே போவது அதற்காகத்தான். நீளமான பில்லைக் கூட்ட அதை அடிக்க ஆளில்லை.

போன் சொன்ன 743 வேறு வகை. அந்தத் தளம் 675 உடன் தானாகவே பத்து சதவீதம் கழிவைச் சேர்த்திருந்தது. சேர்த்ததை ஓரத்தில் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள், பையன் பார்க்கவில்லை. 

மகளின் 675 பரப்பளவுக்குச் சரி. பரீட்சையில் முழு மதிப்பெண். ஆனால் அகலத்தில் வரும் அந்த அரைக்கல் வரிசைக்கு 15 கல்லை நடுவில் அறுத்து 30 அரைக்கல் எடுக்க வேண்டும். ஆத்தங்குடிக் கல் கண்ணாடி மேல் வண்ணக் கலவையை ஊற்றிக் கையால் செய்வது. அறுக்கும்போது இரண்டு பாதியும் முழுசாகக் கிடைக்கும் என்று நம்ப முடியாது, கிடைத்தாலும் பூ வேலை பொருந்த வேண்டும். கொத்தனார் பரப்பளவை நினைக்கவே இல்லை, வரிசையை எண்ணினார். குறைந்தால் பிறகு வாங்கலாமே என்றதற்கு, அடுத்த முறை அதே நிறம் வராது என்றார். 710 வாங்கினோம், எட்டுக் கல் மிஞ்சியது. இந்தச் சுற்று வாய்க்கணக்குக்கு.

வட்டிக்கு வருவோம். செட்டிநாட்டில் கணக்கு பேசிவிட்டு வட்டியை விட்டால் எங்கள் ஐயா கனவில் வந்து திட்டுவார். அவர் பர்மாவில் ஒரு வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாக, அதாவது கல்லாப்பெட்டி பக்கத்தில் எடுபிடியாகச் சேர்ந்தவர். அங்கிருந்து அடுத்தாள் (உதவியாளர்), பிறகு மேலாள் (கடைப் பொறுப்பாளர்) என்று படிப்படியாக ஏற வேண்டும். எல்லாப் படிக்கும் முதல் தகுதி வாய்க்கணக்கு. கால், அரை, முக்கால் மட்டுமல்ல, வீசம் (பதினாறில் ஒன்று), மா (இருபதில் ஒன்று), காணி (எண்பதில் ஒன்று) வரைக்கும் வாய்ப்பாடு ஒப்பிப்பார்கள். 'முக்காலே மூணு வீசம் பேர்' என்று இன்றும் சொல்கிறோமே, கூட்டிப் பாருங்கள்: பதினாறில் பதினைந்து. 93.75 சதவீதம் என்பதைவிட அழகாக இல்லையா?

80,000 ரூபாய், நூற்றுக்கு ஒன்றரை வட்டி, ஐந்து மாதம் பத்து நாள். ஐயா வழியில் மாதத்துக்கு 1,200. ஐந்து மாதத்துக்கு 6,000. பத்து நாள் என்பது மாதத்தில் மூன்றில் ஒரு பங்கு, 400. ஆக 6,400. வெற்றிலை மடிப்பதற்குள் முடிந்துவிடும்.

இதையே ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்தேன். சூத்திரம் எல்லோருக்கும் தெரியும்: அசல், காலம், வட்டி வீதம் மூன்றையும் பெருக்கி நூறால் வகுக்க வேண்டும். பாதிப் பேருக்கு 533 ரூபாய் சொச்சம் வந்தது. பாடப்புத்தகத்தில் வீதம் ஆண்டுக்கு, நம் தெருவில் 'ஒன்றரை வட்டி' என்றால் மாதத்துக்கு. பிள்ளைகள் காலத்தை ஆண்டாக மாற்றிவிட்டு வீதத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். வழிமுறையில் பிசகில்லை, விடை பன்னிரண்டில் ஒரு பங்கு. 80,000 ரூபாய்க்கு ஐந்து மாத வட்டி 533 தானா என்று ஒரு பிள்ளையும் திடுக்கிடவில்லை. அதுதான் எனக்கு உறுத்தியது.

ஐயாவின் வழியிலும் ஒரு ஓரம் உண்டு. அவருக்கு மாதம் என்றால் முப்பது நாள். மாதம் ஒன்றரை என்பது ஆண்டுக்கு 18 சதவீதம். அதை 365 நாளுக்குப் பிரித்து 160 நாளுக்குப் போட்டால் 6,312 தான் வரும். 88 ரூபாய் வித்தியாசம். கடன் கொடுத்தவருக்கு முதல் வழி இனிக்கும், வாங்கியவருக்கு இரண்டாவது.

தவணைக்கடன் என்று வந்தால் வாய்க்கணக்கு படுத்துவிடும். ஒரு லட்சம், 12 சதவீதம், ஒரு வருடம். 'வட்டி 12,000, மொத்தம் 1,12,000, மாதம் 9,333' என்று வாய் சொல்லும். குறையும் அசலுக்கு மட்டும் வட்டி போட்டால் மாதத் தவணை 8,885 தான். அதாவது முதல் முறையில் 12 என்று சொல்லி வாங்குவது உண்மையில் ஆண்டுக்கு 21 சதவீதத்துக்கும் மேல். இதை எந்த மேலாளும் மனதில் போட மாட்டார். போனில் தவணைக் கணக்கியைத் திறந்து இரண்டு முறையிலும் போட்டுப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். இங்கே போனுக்குத்தான் என் ஓட்டு.

செட்டிநாட்டுக் கணக்கு என்றால் வட்டி மட்டும்தானா என்று கேலி செய்பவர்களுக்கு ஒரு செய்தி: சென்னையில் 1950இல் இராமானுசன் பெயரில் கணித ஆய்வு நிறுவனம் தொடங்கியவர் எங்கள் அழகப்பச் செட்டியார்தான். சரி, அடுப்படிக்குப் போவோம்.

வெள்ளைப் பணியாரத்துக்கு என் அப்பத்தா சொன்ன அளவு: ஆழாக்கு என்ற சின்ன அளவுப் பாத்திரத்தில் தலைதட்டிப் பச்சரிசி, அதன் மேல் கோபுரமாக உளுந்து. கிராம் கிடையாது, விகிதம் கிடையாது. ஒரு விசேஷத்துக்கு ஆழாக்கு கிடைக்காமல், அதே வாயகலமுள்ள உயரமான டம்ளரில் அதே மாதிரி அளந்தேன். பணியாரம் கல்லாக வந்தது. ஏன் என்று அன்று ராத்திரி தாளில் போட்டேன். ஆழாக்கின் உயரமும் வாயகலமும் சமம், உளுந்துக் கோபுரத்தின் உயரம் வாயகலத்தில் கால் பங்கு என்று வைத்தால், கூம்புக்கும் உருளைக்கும் உள்ள கன அளவுச் சூத்திரப்படி உளுந்து அரிசியில் பன்னிரண்டில் ஒரு பங்கு. டம்ளர் இரண்டு மடங்கு உயரம், வாய் அதே. அரிசி இரட்டித்தது, கோபுரம் இரட்டிக்கவில்லை. இருபத்து நாலில் ஒரு பங்காகிவிட்டது. அதே வடிவத்தில் பெரிய படி எடுத்திருந்தால் விகிதம் மாறியிருக்காது. அப்பத்தாவின் விதி பாத்திரத்தின் வடிவத்துக்குள் ஒளிந்திருந்தது. அதைத் தாள்தான் வெளியே எடுத்தது, வாயோ போனோ அல்ல. 'ஏன்' என்று கேட்கிற இடத்தில் தாளை மிஞ்ச எதுவும் இல்லை.

கேமராவைக் காட்டினால் கணக்கைப் போட்டுத் தரும் செயலிகள் பற்றி இரண்டு வரி. அச்சிட்ட சமன்பாட்டை நன்றாகவே படிக்கின்றன, படிகளையும் காட்டுகின்றன. ஆனால் வயதுக் கணக்கில் மகனின் வயது 12 என்று கண்டுபிடித்து, கேள்வியில் கேட்டிருக்கும் அப்பா வயதை எழுதாமல் நோட்டை மூடுகிறார்கள் பிள்ளைகள். மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்புக் கணக்குத் தேர்வில் 100க்கு 14 மதிப்பெண்தான் ஒரு மதிப்பெண் கேள்விகள். மீதி 86க்கு வழிமுறை எழுத வேண்டும், அங்கே போனும் இல்லை, கால்குலேட்டரும் இல்லை. என் டியூசனில் இப்போது ஒரே விதி: முதலில் குத்துமதிப்பாக ஒரு விடையை நோட்டின் ஓரத்தில் எழுது, அப்புறம் தாளில் போடு. இரண்டும் பக்கத்தில் வராவிட்டால் தாளில் தேடு. அப்படியும் பிடிபடவில்லை என்றால்தான் போன். இதற்குப் பிள்ளைகள் முணுமுணுக்கிறார்கள்.

மிஞ்சிய எட்டுக் கல் தாழ்வாரத்தில் அடுக்கியிருக்கிறது. குளியலறை வாசலுக்கு அது போதுமா என்று கேட்டதற்கு, மகள் டேப்பைத் தேடிப் போனாள். கொத்தனார் வாசலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஒண்ணு குறையும் ஆச்சி" என்றார்.