எழுத்தில் உறைந்த பழைய ஒலிகள்: ஒரு சனிக்கிழமை வகுப்பு

தென்னாப்பிரிக்காவின் டர்பனை அடுத்த சாட்ஸ்வொர்த்தில், ஆங்கில எழுத்துக்கூட்டலின் வரலாற்றைக் கற்பிக்கும் சனிக்கிழமை வகுப்பொன்றில் ஆறு வாரம் பயின்றேன். கடனைக் குறிக்கும் 'டெட்' என்ற சொல்லில் ஒலிக்காத 'பி' எதற்கு என்று என் பேத்தி கேட்டபோது விடை தெரியாமல் விழித்ததே நான் அங்கே சேர்ந்ததற்குக் காரணம்.

விடை முதல் நாளே கிடைத்தது. பிரெஞ்சிலிருந்து 'பி' இல்லாமல் வந்த அச்சொல்லில், 'டெபிட்டும்' என்ற லத்தீன் மூலத்தை நினைவூட்டுவதற்காகக் கற்றவர்கள் பின்னாளில் அவ்வெழுத்தைச் செருகினார்கள். மக்களின் நாக்கு அதை ஏற்கவே இல்லை. இதற்கு நேர்மாறாக, முழங்காலைக் குறிக்கும் 'நீ' என்ற சொல்லின் தொடக்கத்தில் நிற்கும் 'கே' ஒருகாலத்தில் உண்மையாகவே ஒலித்தது. ஆசிரியர் பழைய வடிவத்தைப் பலகையில் எழுதி, எங்கள் அனைவரையும் 'க்னே' என்று உரக்கச் சொல்லவைத்தார். 1476-இல் இங்கிலாந்தின் முதல் அச்சாளரான காக்ஸ்டன் லண்டனை ஒட்டிய வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் நிறுவியபின் எழுத்து மெல்ல மெல்ல உறைந்துபோக, உச்சரிப்பு மட்டும் மாறிக்கொண்டே சென்றதை அவர் விளக்கிய விதம் மிக அருமை.

நம் கட்டுமரம், மிளகுத்தண்ணீர், சுருட்டு ஆகியவை ஆங்கிலத்தில் 'கேட்டமரான்', 'மல்லிகட்டானி', 'செரூட்' ஆன கதைக்குப் பத்து நிமிடமே ஒதுக்கியது எனக்குப் பெருங்குறை. 1860-இல் சென்னையிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு 'ட்ரூரோ' கப்பல் வந்திறங்கிய ஊரில் அதற்கு ஒரு முழு நாளே தந்திருக்க வேண்டும். அச்சிட்டுத் தந்த தாள்களும் மங்கல்.

அடுத்த கட்ட வகுப்புக்குப் பணம் கட்டிவிட்டேன். இம்முறை பேத்தியும் உடன் வருகிறாள்.