தெர்மோஸ்டாட் கெட்டால்: கழற்றி விடுவதா, மாற்றுவதா?

வண்டி ஓவர்ஹீட் ஆகிறது என்று பட்டறைக்குப் போனால், பல இடங்களில் முதலில் வரும் யோசனை இதுதான்: "நம்ம ஊர் வெயிலுக்கு தெர்மோஸ்டாட்டே தேவையில்லை சார், கழட்டி விட்டுடலாம்." எஞ்சின் சூடாகும் வரை கூலண்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) ரேடியேட்டருக்குப் போகாமல் தடுத்து, சூடானதும் திறந்துவிடும் சிறு வால்வுதான் தெர்மோஸ்டாட். அதைக் கழற்றுவது பார்ட்ஸ் செலவே இல்லாத வேலை என்பதால் நாமும் தலையாட்டிவிடுகிறோம். மாற்று வழிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தால், பின்னால் அதிகம் செலவு வைப்பது இந்த வழிதான்.

அதற்கு முன், கெட்டது தெர்மோஸ்டாட்தானா என்று தெரிய வேண்டும். அது இரண்டு விதமாகக் கெடும். மூடியபடியே சிக்கிக்கொண்டால் கூலண்ட் ரேடியேட்டருக்குப் போகாது. சில நிமிடங்களில் கேஜ் முள் சிவப்பைத் தொடும். திறந்தபடியே சிக்கினால் ஆபத்து உடனே தெரியாது. மைலேஜ் குறையும், எஞ்சின் சூடாக நேரம் எடுக்கும். ஊட்டி மலையில் ஏறும்போது சரியாக இருக்கும் முள், இறங்கும்போது சரசரவென்று கீழே வந்தால் சந்தேகமே வேண்டாம், வால்வு திறந்தே கிடக்கிறது. வண்டியின் கோளாறைப் படித்துக் காட்டும் ஸ்கேனரில் பி0128 (P0128) என்ற பிழைக் குறியீடு வருவதும் பெரும்பாலும் இதனால்தான்.

சோதிக்க மூன்று வழிகள் உண்டு. காசே வேண்டாத வழி, ஹோஸைத் தொட்டுப் பார்ப்பது. காலையில் ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்து, ஃபேனுக்குக் கை படாமல் ரேடியேட்டரின் மேல் ஹோஸை அவ்வப்போது தொட வேண்டும். நல்ல வால்வாக இருந்தால் ஹோஸ் வெகுநேரம் சூடில்லாமல் இருந்து, திடீரென்று சுடும். முதல் நிமிடத்திலிருந்தே மெல்ல மெல்லச் சூடேறினால் வால்வு திறந்திருக்கிறது. ஆனால் சில கார்களில் வால்வு கீழ் ஹோஸ் பக்கம் இருக்கும். அங்கே இந்தக் கணக்கு பொருந்தாது. அடுத்தது, வண்டியின் ஓபிடி (கோளாறு பார்க்கும்) சாக்கெட்டில் ப்ளூடூத் ஸ்கேனரை மாட்டி கூலண்ட் வெப்பநிலையைப் பார்ப்பது. எண் 80களுக்கு ஏறி, லேசாக இறங்கி, பிறகு நிலையாக நின்றால் வால்வு சரியாக வேலை செய்கிறது. எனக்குப் பிடித்தது இதுதான், ஓட்டும்போதே பார்க்கலாம். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: சென்சாரே கெட்டிருந்தால் ஸ்கேனரும் தப்பாகத்தான் காட்டும்.

சந்தேகமில்லாத தீர்ப்பு வெந்நீரில் கிடைக்கும். வால்வைக் கழற்றி, நூலில் கட்டி, பாத்திரத்தின் அடியைத் தொடாமல் தண்ணீரில் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோடு சூடாக்குங்கள். 82, 88 என்பது போன்ற எண் வால்விலேயே பொறித்திருக்கும்; அந்த டிகிரியை ஒட்டித் திறக்கத் தொடங்க வேண்டும். உள்ளே இருக்கும் மெழுகு உருகி விரிந்து ஊசியைத் தள்ளுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஊட்டியில் உட்கார்ந்து இதைச் செய்தால் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதால், வால்வு முழுதாகத் திறக்கிறதா என்பது அங்கே தெரியாமல் போகலாம்.

சரி, கெட்டது இதுதான் என்று உறுதியாகிவிட்டது. இப்போது கழற்றி விடுவதை எடுத்துக்கொள்வோம். வெளியே 40 டிகிரி அடித்தாலும், எஞ்சின் ஓட விரும்பும் சூடு 90ஐ ஒட்டியது. சென்னை மே மாதம் கூட எஞ்சினுக்குக் குளிர்தான். தெர்மோஸ்டாட் இல்லையென்றால் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசியூ, எஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்று எண்ணிப் பெட்ரோலைக் கூடுதலாகத் தெளிக்கும். அது சிலிண்டர் சுவரில் இறங்கி ஆயிலில் கலக்கும். ஆயிலில் சேரும் ஈரமும் ஆவியாகிப் போகாது. குறுகிய தூரம் மட்டுமே ஓடும் வண்டிக்கு இது மெல்லக் கொல்லும் விஷம்.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. பல தெர்மோஸ்டாட்களின் அடியில் இன்னொரு தட்டு இருக்கும். மேலே ரேடியேட்டர் வழி திறக்கும்போது, ரேடியேட்டருக்குப் போகாமல் கூலண்ட் எஞ்சினுக்கே திரும்பும் பைபாஸ் வழியை இந்தத் தட்டு அடைக்கும். மொத்தத்தையும் கழற்றினால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். சூடான கூலண்டில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் எஞ்சினுக்குள் திரும்பும். அதாவது சூட்டைக் குறைக்கக் கழற்றிய வண்டி, ஆள் ஏற்றி, ஏசி போட்டு, மலை ஏறும்போது முன்பைவிடச் சீக்கிரம் கொதிக்கலாம். சிலிண்டர்களுக்கு மேல் மூடியாக இருக்கும் அலுமினிய ஹெட் வளைந்து, அதன் அடியில் உள்ள ஹெட் கேஸ்கட்டும் போனால், லேத் பட்டறையில் ஹெட்டைச் சமமாகச் சீவும் ஃபேஸிங் வேலைக்குப் பல ஆயிரம் ஆகும். நடுவழியில் வால்வு மூடியபடி சிக்கிக்கொண்டால், ஊர் சேரும் வரைக்கும் கழற்றி ஓட்டலாம். அதற்கு மேல் வேண்டாம்.

குறைந்த டிகிரி வால்வு போடுவது இன்னொரு யோசனை. 88க்குப் பதில் 76 போட்டால் சீக்கிரம் திறக்கும், அவ்வளவுதான். முழுதாகத் திறந்த பிறகு சூட்டைத் தீர்மானிப்பது ரேடியேட்டரும் ஃபேனும். அவை சரியில்லை என்றால் 76ம் காப்பாற்றாது.

ஆக, மாற்றுவதுதான் வழி. ஒரிஜினலா, வெளிக் கம்பெனியா? சாதாரண உலோக வால்வு தனியாகக் கிடைக்கும் வண்டிக்கு, பெயர் பெற்ற வெளிக் கம்பெனிப் பொருள் போதும். டிகிரியும் அளவும் ஒத்திருந்தால் சரி. பிளாஸ்டிக் ஹவுசிங்கோடு (வால்வு உட்காரும் கூடு) ஒரே செட்டாக வரும் வண்டி என்றால் ஒரிஜினலுக்கே போவேன். மட்டமான பிளாஸ்டிக் சூட்டில் வெடித்துக் கூலண்ட் ஒழுகும். பெயரே இல்லாத டப்பாவில் வருவதை எந்த வண்டிக்கும் வாங்க வேண்டாம்.

எதைப் போட்டாலும் கேஸ்கட் அல்லது ஓ-ரிங் புதிதாக இருக்கட்டும். வால்வு ஓரத்தில் ஆடும் சிறு ஊசி இருந்தால் அது மேல்பக்கம் வர வேண்டும், காற்று வெளியேறும் வழி அது. போர் தண்ணீரை ஊற்றவே கூடாது. அதன் உப்புப் படிவுதான் அடுத்த வால்வையும் இறுக்கும். கம்பெனி சொன்ன கூலண்டை ஊற்றி, உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றி, ஃபேன் ஒருமுறை ஓடி நிற்கும்வரை எஞ்சினை ஓட விடுங்கள். நன்றாக ஆறிய பிறகு மூடியைத் திறந்து அளவு பார்த்து, குறைந்திருந்தால் நிரப்புங்கள்.