மேடு பள்ளத்தை முப்பரிமாணத்தில் பார்க்க: கியூஜிஐஎஸ்ஸா, ஆர்க்ஜிஐஎஸ் புரோவா?

பெங்களூரில் சிவில் படிக்கும் நம்ம ஊர்ப் பிள்ளைகள் புராஜெக்ட் நெருங்கினால் கேட்கும் கேள்வி இது. இரண்டுமே வரைபடங்களையும் நிலத் தரவையும் கையாளும் மென்பொருள்கள்.

காசு: கியூஜிஐஎஸ் இலவசம். புரோவுக்கு உரிமக் கட்டணம். அதில் 3டி அனலிஸ்ட் என்ற முப்பரிமாண ஆய்வுக்கான கூடுதல் பகுதி சேர்ந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

கணினி: முதலாவது விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். புரோ விண்டோஸில் மட்டும்.

நிலப்பரப்பு: 2018இல் வந்த 3.0 பதிப்பு முதலே கியூஜிஐஎஸ்ஸில் 3டி பார்வை உண்டு. எஸ்ஆர்டிஎம் (விண்வெளி ஓடத்திலிருந்து ரேடாரால் அளந்தது) தரும், 30 மீட்டருக்கு ஒரு புள்ளி கொண்ட உயரத் தரவை ஏற்றி, அதையே தரையாகக் காட்டினால் போதும். ஆனால் பெங்களூரு சுமார் 900 மீட்டரில் அலையலையாகக் கிடக்கும் ஊர். செங்குத்து அளவு (உயரத்தை எத்தனை மடங்காகக் காட்டுவது) 1 என்றால் பெள்ளந்தூர் பள்ளத்தாக்கே தட்டையாகத் தெரியும். 5 வைத்துப் பாருங்கள். நந்தி மலைக்கு அந்த வேலையே வேண்டாம். புரோவிலும் இப்படி உயர்த்தலாம். அதில் காட்சி வழுக்கிக்கொண்டு நகரும், ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் தெரியுமா என்று காட்டும் பார்வைக் கோட்டை இழுத்தவுடன் பார்க்கலாம்.

(எஸ்ஆர்டிஎம் மரங்களையும் கட்டடங்களையும் சேர்த்தே அளந்தது. அதை எந்த மென்பொருளும் தானாகச் சரிசெய்யாது.)

மாணவர், சிறிய ஆய்வு என்றால் கண்ணை மூடிக்கொண்டு கியூஜிஐஎஸ். அலுவலகத்தில் உரிமம் இருந்து, கட்டட மாதிரிகளோடு தினமும் மல்லுக்கட்டுபவர்களுக்குப் புரோ.