17 கோழிக்கு 100 டோஸ்: லசோட்டா சொட்டு மருந்து வாங்கிப் பட்ட பாடு

முதல்லயே சொல்லிடுறன், கோழிக்கு வாற ராணிக்கெட் வருத்தத்தத் தடுக்க கண்ணில விடுற இந்த லசோட்டா மருந்துக்கு 5க்கு 4 புள்ளி குடுப்பன். ஒண்டை ஏன் குறைச்சன் எண்டத பிறகு சொல்றன், அது மருந்தின்ட பிழை எண்டும் சொல்லேலாது.

போன மாரிக்கு திருகோணமலை உவர்மலையில எங்கட வளவுக்குள்ள 21 ஊர்க்கோழி நிண்டது. கார்த்திகையில மழை விட்ட ஒரு நாள் சந்தையில ஒரு பேடு நல்ல வடிவா இருக்கெண்டு வாங்கிக்கொண்டு வந்து நேரா கூட்டுக்குள்ள விட்டன், ரெண்டு கிழமையாவது தனிய வச்சுப் பாக்கணும் எண்ட நினைப்பே வரல்ல. நாலைஞ்சு நாளில அது தூங்கி விழத் தொடங்கிச்சு, வாயத் திறந்து திறந்து மூச்சு எடுக்குது, பச்சைத் தண்ணியா கழியுது, அதுக்குப் பிறகு வரிசையா மற்றதுகள். ஒரு சேவல் கழுத்து முறுகி வானத்தப் பாத்தபடி பின்னுக்குப் பின்னுக்கு நடந்து சுத்தினத இப்பவும் நினைச்சா சோறு இறங்காது. 22ல 13 போச்சு, 9 மிஞ்சினது. மிஞ்சினதுலயும் ரெண்டு பேடு கோது இல்லாத முட்டை போட்டுட்டு கனநாள் சும்மா இருந்துதுகள்.

அந்த நேரம் பதறிப்போய் டவுனில ஒரு கடைக்கு ஓடினன், பேர் வேணாம். கோழிக்கு என்ன செய்யுது, எத்தினை நாளா எண்டு ஒரு கேள்வி இல்ல, அன்டிபயோட்டிக் பவுடர் ஒண்டும் விற்றமின் போத்தல் ஒண்டும் எடுத்து வச்சாங்க, தடுப்பு மருந்தும் இருக்கு எண்டு ஒரு சின்னக் குப்பிய ஷொப்பிங் பேக்குக்குள்ள போட்டுத் தந்தாங்க. ஐஸ் இல்ல, ஒண்டும் இல்ல. நானும் ஸ்கூட்டி சீற்றுக்குக் கீழ வச்சுக்கொண்டு வேற ரெண்டு அலுவலும் முடிச்சு ஆறுதலா வீட்ட வந்து கலக்கி குடுத்தன். ஒண்டுக்கும் உதவல்ல.

பிறகு மிருக வைத்தியரிட்ட போய்த்தான் விசயம் விளங்கினது. "வருத்தம் உள்ளுக்கு வந்த பிறகு தடுப்பு மருந்து குடுத்து என்ன பிரயோசனம் தங்கச்சி, இது ராணிக்கெட், வைரஸ், நீங்க வாங்கின பவுடர் இத தொடாது, மேல வேற கிருமி ஏறினா அதுக்குத்தான் கொஞ்சம் உதவும்" எண்டார். செத்தத ஆழமா கிடங்கு வெட்டி சுண்ணாம்பு போட்டுப் புதைக்கச் சொன்னார், கானுக்குள்ளயோ கடலுக்குள்ளயோ வீசக்கூடாது, மிஞ்சினத விக்கவும் கூடாது, ஆருக்கும் குடுக்கவும் கூடாது, கூட்டுக்குப் போற செருப்ப வேறயா வைக்கணும். காகம், செருப்பு, முட்டைத் தட்டு எல்லாத்திலயும் ஒட்டிக்கொண்டு போகுமாம். அத கேட்டவுடன பக்கத்து வீட்டு மாமிக்கு நான் முட்டை குடுத்தனுப்பின தட்டுதான் ஞாபகம் வந்தது. நல்லகாலம், மாமிட கோழிகளுக்கு ஒண்டும் ஆகல்ல.

கூட்ட சுரண்டிக் கழுவி சுண்ணாம்பு அடிச்சு மாசக்கணக்கா சும்மா விட்டுட்டு, சித்திரையில 8 குஞ்சு வாங்கினன். இந்தமுறை லசோட்டா. பேரைப் பாத்து ஏதோ கொம்பனிப் பேர் எண்டு நினைச்சன், இல்ல, 1946ல அமெரிக்காவில நியூ ஜேர்சியில ஒரு பண்ணையில எடுத்த வைரஸ், அந்தப் பண்ணைக்காரரின்ட பேராம். நல்லா கடுமை குறைஞ்ச உயிருள்ள வைரஸ்தான் குப்பிக்குள்ள காய்ஞ்ச தூளா இருக்கு. உயிரோட இருந்தாத்தான் வேலை செய்யும், அதாலதான் 2 தொடக்கம் 8 பாகை குளிருக்குள்ளயே வச்சிருக்கணும். ஐஸ் இல்லாம ஸ்கூட்டி சீற்றுக்குக் கீழ கிடந்தா அது என்னத்துக்கு ஆகும் எண்டு நீங்களே யோசிச்சுப் பாருங்க.

ரெண்டாவதா போன கடை அண்ணா நான் காசு நீட்ட முதலே "ஐஸ் பெட்டி கொண்டு வந்தீங்களா?" எண்டு கேட்டார். இல்ல எண்டன். "அப்ப போயிட்டு வாங்க" எண்டார். உண்மையா கோவம் வந்தது, அடுத்த நாள் தம்பி மீன் வாடியில இருந்து ரெஜிபோம் பெட்டியும் ஐஸும் கொண்டு வந்தான், குப்பியையும் கலக்கிற தண்ணிப் போத்தலையும் பேப்பரில சுத்தி வச்சம், நேரா ஐஸில பட்டா அந்தத் தண்ணி உறைஞ்சு போத்தல் வெடிக்கவும் கூடும். பெட்டி ரெண்டு நாள் மீன் நாத்தம்.

இப்ப அந்த ஒரு புள்ளி. என்னட்ட இருந்தது 17, குப்பியில 100 டோஸ். கலக்கினா ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள முடிக்கணும், மிச்சத்த நாளைக்கு எண்டு ஃபிரிட்ஜில வைக்கிற கதையே இல்ல. பத்துப் பதினைஞ்சு கோழி வளக்கிற எங்களப் போல ஆக்களுக்கு ஆரும் யோசிச்சு குப்பி செய்யிறல்லப் போல. கடைசியில மாமிட 11, பின்வீட்டில 14, முடக்கு வீட்டில 20, எல்லாம் சேத்து 62. மிச்சம் 38ஐயும் கொதிதண்ணிக்குள்ள ஊத்தி அழிச்சம், உயிருள்ள சாமான், சும்மா வீசேலாது.

போடுறது லேசு, பிடிக்கிறதுதான் பாடு. பொழுதுபட்டு கோழியள் ஏறினாப் பிறகு போங்க, பகலில துரத்தினா வேலிக்கு மேலால போயிடும். மாமி பிடிப்பா, நான் டோர்ச்ச வாயில கவ்விக்கொண்டு ஒரு கண்ணில ஒரே ஒரு சொட்டு, சொட்டுற முனை கண்ணில முட்டாம, அது கண்ண மூடித் திறக்கும் வரைக்கும் விடக்கூடாது. என்ட கண்ணில ஒருக்கா தெறிச்சு ரெண்டு நாள் சிவந்து கிடந்தது, அது எங்களுக்கும் கண்ணோவு தருமாம், கண்ணாடி இருந்தா போடுங்க. தண்ணியில கலந்தும் குடுக்கலாம்தான், ஆனா பைப் தண்ணி குளோரீன் வைரஸ கொண்டுடும், அதோட எந்தக் கோழி குடிச்சது, எது குடிக்கல்ல எண்டு ஆர் கணக்கு வைக்கிற.

போட்டு மூண்டு நாலு நாளில லேசா தும்மினதுகள், திரும்பியும் வந்திட்டெண்டு எனக்கு நெஞ்சு பதறிச்சு, அது மருந்தால வாறதாம், தானா நிண்டுட்டு. அதுக்குப் பிறகு ஆவணியில ஒருக்கா போட்டன், இன்னும் ஒண்டும் சாகல்ல. விலையும் ஒரு பேட்டுக்கோழி விலையில பாதி வராது.

மூண்டு நாலு மாசத்துக்கு ஒருக்கா திரும்பப் போடணும், அடுத்தது மார்கழியில. உவர்மலை, லிங்கநகர் பக்கம் கோழி வச்சிருக்கிற ஆக்கள் சேரலாம், வாங்கப்போற புதுக் குப்பியிலயும் 38 டோஸ் மிஞ்சும். பிடிக்க ஒரு ஆளையும் கூட்டிக்கொண்டு வாங்க, மாமிக்கு இப்ப முழங்கால் நோவு.