கீழாநெல்லி: உலர்செடி, பொடி, மாத்திரை – ஒரு மதிப்பீடு

சென்னையின் நாட்டு மருந்துக் கடைகளில் கீழாநெல்லி இப்போது உலர்செடியாகவும் பொடியாகவும் மாத்திரையாகவும் கிடைக்கிறது. ஒரே நிறுவனம் விற்கும் இம்மூன்றையும் வாங்கிப் பார்த்து இதை எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. இங்கே சொல்லும் குறைகள் அந்த ஒரு நிறுவனத்துக்கு மட்டும் உரியவை அல்ல. உலர்செடி வாங்கத் தக்கது, பொடி பரவாயில்லை, மூன்றிலும் விலை மிகுந்த மாத்திரையைத்தான் என்னால் பரிந்துரைக்க இயலவில்லை.

உலர்செடியின் பெரிய நன்மை, வாங்கியது எது என்று கண்ணால் பார்த்துக்கொள்ளலாம் என்பதே. ஒரு கைப்பிடியை வெந்நீரில் ஊறவைத்து வெள்ளைத் தட்டில் பரப்பினால், இலைக்காம்பின் கீழ்ப்புறம் சிறு காய்கள் வரிசையாகத் தொங்குவது தெரியும். கீழாநெல்லியின் காய் வழவழப்பாக, மெல்லிய காம்பில் தொங்கும். அதைப் போலவே தோன்றும் உறவினமான சிவப்புக் கீழாநெல்லியின் காயோ காம்பின்றித் தண்டோடு ஒட்டியிருக்கும், அதன் தோல் சொரசொரப்பாக இருக்கும். இன்னோர் உறவினமான மேலாநெல்லிக்கு இலையின் நுனி அகன்று ஆப்பு வடிவில் இருக்கும். நான் வாங்கிய பொட்டலத்தில் பெரும்பகுதி சரியான செடியே. சிவப்புக் கீழாநெல்லியின் சில கிளைகளும், அடியில் கொஞ்சம் புல்லும் மண்ணும் கலந்திருந்தன. தென்னிந்தியக் கடைகளில் திரட்டிய மாதிரிகளை மரபணு முறையில் ஆராய்ந்து 2010இல் வெளியான ஓர் ஆய்வு, ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மாதிரிகளில் கீழாநெல்லிக்குப் பதிலாக அதன் உறவினங்களே இருந்ததாகக் காட்டியது. அதை எண்ணிப் பார்த்தால் இந்தப் பொட்டலம் மோசமில்லை. பொடியில் இந்தச் சோதனைக்கே இடமில்லை. நிறமும் கசப்பும் சரியாக இருந்தன என்பதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

மாத்திரைக் குப்பியின் முகப்பில் "கல்லீரலைப் பாதுகாப்பது ஆய்வில் நிரூபிக்கப்பட்டது" என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். ஒரு மாத்திரையில் 500 மில்லிகிராம் சாரம் என்றும் இருக்கிறது. ஆனால் அந்தச் சாரம் நீரில் எடுத்ததா, சாராயத்தில் எடுத்ததா, எத்தனை கிராம் செடியிலிருந்து வந்தது, அதில் பில்லாந்தின் என்னும் வேதிப்பொருள் எவ்வளவு என்பவை எங்கும் இல்லை. இது சின்ன விஷயமன்று. கீழாநெல்லியின் குணத்துக்குக் காரணமாகப் பேசப்படும் பில்லாந்தின், ஹைப்போபில்லாந்தின் ஆகிய இரண்டும் நீரில் எளிதில் கரைவதில்லை. நீரில் இறங்குபவை பெரும்பாலும் துவர்ப்புப் பொருள்கள். ஆகவே ஒரே செடியிலிருந்து எடுத்த இரண்டு சாரங்கள் முற்றிலும் வேறான மருந்துகளாக இருக்கக்கூடும்.

"ஆய்வில் நிரூபிக்கப்பட்டது" என்பதையும் சற்று விரித்துப் பார்க்க வேண்டும். இவ்வகை ஆய்வுகளில் பெரும்பாலானவை எலிகளில் நடந்தவை. எலிக்குச் சில நாள்கள் சாரத்தைப் புகட்டி, பிறகு கல்லீரலைக் கெடுக்கும் நஞ்சான கார்பன் டெட்ராகுளோரைடையோ அளவுக்கு மீறிய பாரசிட்டமாலையோ கொடுத்து, இரத்தத்தில் ஈரல் கெட்டதைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி., எஸ்.ஜி.ஓ.டி. நொதிகளும் பிலிரூபின் என்னும் மஞ்சள் நிறமியும் எவ்வளவு உயர்ந்தன என்று அளப்பார்கள். சாரம் குடித்த எலிகளில் அந்த உயர்வு குறைவாக இருப்பது பலமுறை கண்டறியப்பட்டுள்ளது. நஞ்சு உடலில் மாறி உண்டாக்கும் வினைமிகு மூலக்கூறுகளைச் சாரம் தணிப்பதே காரணம் என்று விளக்குகிறார்கள். எலிகளில் இந்தப் பலன் கிடைப்பதில் ஐயமில்லை. ஆனால் நஞ்சுக்கு முன்பே மருந்து கொடுத்துக் காப்பது வேறு, ஏற்கெனவே கெட்ட ஈரலைத் தேற்றுவது வேறு. குப்பியை வாங்குபவர் பெரும்பாலும் இரண்டாவதை எதிர்பார்த்தே வாங்குகிறார்.

மனிதர்களில் நடந்த ஆய்வுகளில் புகழ்பெற்றது சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1988இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டது. ஈரலைத் தாக்கும் ஹெப்படைடிஸ் பி கிருமியைச் சுமந்திருந்தோருக்கு நாளுக்கு மூன்று வேளை 200 மில்லிகிராம் வீதம் 30 நாள் கொடுத்தபோது, 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் மேற்பரப்புப் புரதம் இரத்தத்திலிருந்து மறைந்தது. வெற்று மாத்திரை பெற்ற 23 பேரில் ஒருவருக்கே அப்படி நேர்ந்தது. நம் ஊருக்குப் பெருமை சேர்த்த முடிவுதான். எனினும் பிற இடங்களில் அதே பலன் திரும்பக் கிடைக்கவில்லை. பல ஆய்வுகளை ஒன்றுதிரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு 2011இல் வந்தது; அதுவும் உறுதியான சான்று இல்லை என்றே சொன்னது. குப்பியோடு வரும் துண்டுத்தாளில் 1988 மட்டும் இருக்கிறது.

மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லியை மோரில் அரைத்துக் குடித்துத் தேறியவர்கள் நம் குடும்பங்களில் நிறைய உண்டு. அவர்கள் சொல்வது பொய்யன்று. ஹெப்படைடிஸ் ஏ போன்ற கிருமியால் வரும் காமாலை பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானே தணிந்துவிடும் என்பதையும் சேர்த்துக்கொண்டால் போதும். பித்தக்குழாயில் கல் அடைத்து வரும் காமாலைக்கு இது செல்லாது. அங்கே பத்தியம் இருந்து நாளைக் கடத்துவது உயிருக்கே ஆபத்து. ஹெப்படைடிஸ் பி கிருமியை அடக்கும் டெனோஃபோவிர் மருந்தைச் சாப்பிடுபவர்கள் இந்தக் குப்பியை நம்பி அதை நிறுத்தவே கூடாது.

மாத்திரையின் மீது எனக்குள்ள பெரிய மனக்குறை குப்பியின் பின்பக்கத்துச் சிறிய எழுத்தில் இருக்கிறது. கீழாநெல்லி என்ற பெயரில் விற்கும் இதில் கரிசலாங்கண்ணியும் சீந்திலும் சேர்ந்திருக்கின்றன. கொரோனா காலத்தில் எதிர்ப்பு சக்திக்கென்று சீந்திலைச் சாப்பிட்டு ஈரல் பாதிக்கப்பட்ட ஆறு பேரைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021இல் எழுதினார்கள். அது சீந்திலாக இராது, அதைப் போன்ற வேறு கொடியாக இருக்கலாம் என்று ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. எந்தத் தரப்பு சரியானாலும், ஈரலுக்கென்று வாங்கும் மாத்திரையில் இதைச் சேர்ப்பவர்கள் எந்தக் கொடியைச் சேர்த்தோம் என்பதற்கு அத்தாட்சி தர வேண்டும். இதில் அது இல்லை. ஈயம், பாதரசம் போன்ற கன உலோகங்களுக்கான சோதனை முடிவும் இல்லை. உரிம எண்ணும் காலாவதித் தேதியும் மட்டும் ஒழுங்காக உள்ளன.

உலர்செடிப் பொட்டலம் மாத்திரைக் குப்பியைவிடப் பல மடங்கு மலிவு. மழை பெய்தால் வரப்பிலும் தோட்டத்திலும் தானாக முளைக்கும் செடி இது. அடையாளம் தெரிந்தவர்களுக்கு அந்தப் பொட்டலம்கூடத் தேவைப்படாது.