கண்ணாடி வாலையா, சோலார் ஆர்.ஓ.வா?

இராமநாதபுரம் கடலோரத்தில் குடிநீரைக் குடக்கணக்கில் விலைக்கு வாங்கும் வீடுகள், உப்புநீரை வெயிலைக் கொண்டே நன்னீராக்கிக்கொள்ள இன்று இரண்டு வழிகள் கைக்கு எட்டும் விலையில் உள்ளன. ஒன்று, கறுப்புத் தொட்டியின் மேல் சாய்வாகக் கண்ணாடி பதித்து, நீரை ஆவியாக்கி வடிக்கும் சூரிய வாலை. மற்றொன்று, சோலார் பலகையின் மின்சாரத்தில் ஓடி, நீரை மெல்லிய சவ்வின் (மெம்பரேன்) வழியே அழுத்தி உப்பைப் பிரிக்கும் சிறிய ஆர்.ஓ. கருவி. எது மலிவு என்று கேட்பதற்கு முன் கிணற்றில் எவ்வளவு உப்பு என்று பார்த்துவிட வேண்டும், ஏனெனில் விடையை மாற்றுவது அந்த ஒரு எண்தான்.

வாலையின் தொட்டியில் இரண்டு சென்டிமீட்டர் ஆழத்துக்கு நிற்கும் நீர், வெயிலில் ஆவியாகிக் கண்ணாடியின் உட்புறத்தில் படிந்து, வாட்டத்தில் வழிந்து, ஓரத்துத் தூம்பில் சேர்கிறது. ஒரு லிட்டர் நீரை ஆவியாக்க ஏறத்தாழ 0.67 யூனிட் (மின்கட்டணத்தில் எண்ணும் அதே யூனிட்) வெப்பம் வேண்டும். இப்பகுதியில் ஒரு சதுர மீட்டரில் நாளொன்றுக்கு விழும் வெயில் ஐந்தரை யூனிட் அளவு என்பதால், சிறிதும் வீணாகாவிட்டால் எட்டு லிட்டர் கிடைக்க வேண்டும். பாதிக்கு மேல் வீணாகிவிடுவதால் கைக்கு வருவது மூன்று லிட்டர் சொச்சமே. 1872-இல் சிலி நாட்டின் லாஸ் சலினாஸில், வெடியுப்புச் சுரங்கத்துக்காக 4,000 சதுர மீட்டருக்கும் மேல் மரத்தாலும் கண்ணாடியாலும் அமைத்த வாலைகூடச் சதுர மீட்டருக்கு ஐந்து லிட்டர் அளவில்தான் நின்றது. ஆகவே இருபது லிட்டர் தருவதாகச் சொல்லி யாராவது ஒரு சதுர மீட்டர் ஒற்றைத் தொட்டிப் பெட்டியை விற்க வந்தால், வாங்காமல் திருப்பி அனுப்பிவிடலாம்.

கட்டும்போது கவனம் முழுவதும் கண்ணாடியின் மேல் இருக்க வேண்டும். வாட்டம் பத்துப் பாகைக்குக் குறைந்தால், துளி தூம்பு வரை வழியாமல் நடுவழியிலேயே தொட்டிக்குள் சொட்டிவிடும். கண்ணாடிக்குப் பதிலாகப் பாலிதீன் தாள் போட்டால், நீர் படலமாகப் படியாமல் முத்து முத்தாக நின்று வெயிலையும் மறைக்கும். நான் முதலில் செய்த பெட்டியில் ஓரத்துப் பூச்சில் மயிரிழை அளவு விரிசல் விட்டிருந்தது. அதன் வழியே ஆவி போவது கண்ணுக்குத் தெரியாமல், ஒரு வாரமாகக் காலையில் அரை லிட்டர் மட்டுமே கிடைத்தது. தொட்டியின் அடியில் வெள்ளைப் பொருக்குத் தட்டாமலிருக்க, மிஞ்சிய நீரைத் தினமும் வெளியேற்றிப் புதுநீர் விடவும் வேண்டும்.

ஆர்.ஓ. கருவி இந்தக் கணக்கையெல்லாம் எளிதாகத் தாண்டிவிடுகிறது. முப்பது வாட் அளவு இழுக்கும் பம்பு மணிக்குப் பத்து லிட்டர் தருகிறது. ஐந்து பேர் குடிக்கவும் சமைக்கவும் போதுமான 25 லிட்டருக்கு ஒரு 100 வாட் பலகையே அதிகம். அதே அளவை வாலையில் எடுக்க ஒரு சதுர மீட்டர் பெட்டிகள் எட்டு வேண்டும், அந்தச் செலவில் ஆர்.ஓ.வும் பலகையும் வாங்கிக் கையில் மிச்சமும் இருக்கும். ஆனால் வீட்டு ஆர்.ஓ. ஏறத்தாழ 2,000 டி.டி.எஸ். (ஒரு லிட்டரில் கரைந்துள்ள உப்பு முதலியவை, மில்லிகிராமில்) வரைதான் தாங்கும். கடல்நீரோ 35,000, அதன் சவ்வூடு அழுத்தமே (நன்னீரைச் சவ்வின் வழியே பிரிக்கப் பம்பு மீற வேண்டிய அழுத்தம்) வளிமண்டல அழுத்தத்தைப்போல் 27 மடங்கு இருக்க, வீட்டுப் பம்பு கொடுப்பது ஐந்தாறு மடங்கு மட்டுமே. வாலைக்கு 2,000-மும் 35,000-மும் ஏறக்குறைய ஒன்றுதான். தவிர, ஆர்.ஓ.வில் 25 லிட்டர் எடுக்க 75 லிட்டர் கழிவாகப் போகிறது. அதைக் கிணற்றடியில் கொட்டினால் உப்பு மறுபடி கிணற்றுக்கே இறங்கும். மெம்பரேன் மாற்றும் செலவு தனி.

எனவே 2,000-க்கு உட்பட்ட கிணறு உள்ளவர்கள் தயங்காமல் ஆர்.ஓ. வாங்கலாம். வாலையே போதும் என்பவர்களுக்கு ஒரு வழி உண்டு: வடிநீரில் உப்பே இல்லாததால், அதன் மூன்று பங்கோடு 2,000 டி.டி.எஸ். கிணற்று நீர் ஒரு பங்கைக் கொதிக்க வைத்துக் கலந்தால், குடிநீருக்கு இந்தியத் தரம் ஏற்கும் 500-க்குள் வரும், மூன்று லிட்டர் நான்காகும், சப்பென்ற சுவையும் போகும். கிணற்றில் ஃபுளூரைடோ நைட்ரேட்டோ மிகுதி என்றால் மட்டும் இது கூடாது. கிணறே கடல்நீராகிவிட்ட வீடுகளுக்கு இந்த இரண்டில் வாலை ஒன்றே வழி. குடிப்பதற்கு மட்டும் என்றால் மூன்று பெட்டிகள் போதும்.

அப்படிக் கட்டுவோர், கண்ணாடியின் வெளிப்புறத்தின் கீழ் ஓரத்திலும் ஒரு தூம்பு வைக்கச் சொல்லுங்கள். மாவட்டத்தின் ஆண்டு மழை 800 மில்லிமீட்டர் அளவு என்பதால், ஒரு சதுர மீட்டர் கண்ணாடி ஆண்டுக்கு 800 லிட்டர் வரை மழைநீரும் தரும். வாலை முந்நூறு வெயில் நாட்களில் தருவதும் ஏறக்குறைய அவ்வளவே. ஐப்பசி, கார்த்திகையில் வாலை சும்மா கிடக்கும் நாட்களில்தான் அந்த மழையும் பெய்கிறது.